வானளாவிய கட்டிடத்தின் உயரத்தை நிர்ணயிப்பவை எவை?

மும்பை மாநகரின் லோயர் பரேல் பகுதியில், மூடப்பட்டுவிட்ட ஸ்ரீநிவாஸ் மில்லின் நிலத்தில், 'வேர்ல்ட் ஒன்' என்னும் குடியிருப்புக் கோபுரம் எழுப்பப்படும் என்று 2010-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அதன் உத்தேச உயரம் 442 மீட்டர். மாடிகளின் எண்ணிக்கை 117. மறு ஆண்டே பணி தொடங்கியது. ஆனால் அறிவிக்கப்பட்ட உயரத்துக்கு இந்திய விமான நிலைய ஆணையத்தின் ஒப்புதல் கிட்டவில்லை. வடிவமைப்பு திருத்தப்பட்டது. 2020-இல் கட்டிடம் நிறைவுற்றபோது அதன் உயரம் சுமார் 280 மீட்டர், மாடிகள் 76. குறைந்துபோன 162 மீட்டர் மட்டுமே, இரண்டு குதுப் மினார்களை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தினால் கிடைக்கும் உயரத்தைவிட அதிகம்.

இந்நிகழ்ச்சி ஓர் அடிப்படைக் கேள்வியை எழுப்புகிறது. ஒரு கட்டிடம் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது யார்? நிலத்துக்கு உரியவரா, கட்டிடக் கலைஞரா, பொறியாளரா, நகராட்சியா? எவரும் தனித்து முடிவு செய்வதில்லை என்பதே உண்மை. நிலத்தின் விலை, நகரத் திட்டமிடல் விதிகள், காற்றின் விசை, மண்ணின் தாங்கு திறன், விமானப் பாதை, தீப் பாதுகாப்பு, அண்டை வீட்டாரின் உரிமை ஆகியவை ஒவ்வொன்றும் ஒரு வரம்பை விதிக்கின்றன. இவ்வரம்புகளுள் எது மிகக் குறைவானதோ அதுவே கட்டிடத்தின் உண்மையான உயரம். இவ்வரம்புகளைப் பணி தொடங்குமுன் கண்டறியாமல், கட்டிக்கொண்டே கண்டறிய முற்பட்டால் ஏற்படும் இழப்பு பெரிது. அவ்விழப்பைப் பெரும்பாலும் சுமப்பவர்கள் வீடு வாங்கியவர்களும் அக்கம்பக்கத்தினரும்தான்.

உயரம் என்பதன் பொருள்

'உயர்ந்த கட்டிடம்' என்பது பேச்சு வழக்கில் தளர்வான சொல். விதிகளிலோ அதற்குத் திட்டவட்டமான பொருள் உண்டு. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டிட விதித்தொகுப்பின்படி 15 மீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ள கட்டிடம் உயர்மாடிக் கட்டிடம் ஆகும். நான்கைந்து மாடி கொண்ட சாதாரண அடுக்குமாடி வீடுகளே இவ்வரையறையை எட்டிவிடும். அந்த உயரத்திலிருந்தே தீப் பாதுகாப்புக்கான சிறப்பு ஏற்பாடுகள் தேவைப்படுகின்றன. உயர்ந்த கான்கிரீட் கட்டிடங்களின் கட்டுமான உறுதிக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2017-இல் ஐ.எஸ். 16700 என்ற தனித் தரத்தை வெளியிட்டது. அது 50 மீட்டருக்கு மேல் 250 மீட்டர் வரையுள்ள கட்டிடங்களுக்கு உரியது. 250 மீட்டரைத் தாண்டும் கோபுரங்களுக்கு வழக்கமான விதிகள் மட்டும் போதா. தனி ஆய்வும் வல்லுநர் மதிப்பீடும் தேவை. 300 மீட்டருக்கு மேற்பட்டவற்றை உலக வழக்கில் மீயுயர் கட்டிடங்கள் என வகைப்படுத்துகின்றனர்.

இந்தியாவில் இந்த வளர்ச்சி படிப்படியாக ஏற்பட்டது. 1959-இல் சென்னை மவுண்ட் ரோட்டில் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டிடம் அக்காலத்தில் நாட்டிலேயே மிக உயர்ந்தது; உயரம் 177 அடி, அதாவது சுமார் 54 மீட்டர். இரண்டே ஆண்டுகளில் மும்பையின் 25 மாடி 'உஷா கிரண்' அதனை விஞ்சியது. 1970-களில் நரிமன் பாயிண்டில் ஏர் இந்தியா கட்டிடமும் எக்ஸ்பிரஸ் டவர்ஸும் எழுந்தன. 1980-இல் மும்பைப் பங்குச் சந்தையின் 29 மாடிக் கோபுரம் நிறைவுற்றது. 2010-இல் தார்தேவில் நிறைவுற்ற 'இம்பீரியல்' இரட்டைக் கோபுரங்கள் 250 மீட்டரைத் தாண்டின. அரை நூற்றாண்டில் நாட்டின் உச்ச உயரம் ஏறத்தாழ ஐந்து மடங்காகியது.

நிலமும் தளப்பரப்புக் குறியீடும்

உயரத்தின் முதல் வரம்பு நிலத்தில் தொடங்குகிறது. ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதைத் தளப்பரப்புக் குறியீடு தீர்மானிக்கிறது. மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு மொத்தத் தளப்பரப்பு அனுமதிக்கப்படுகிறது என்பதே இக்குறியீடு. 1,000 சதுர மீட்டர் மனைக்குக் குறியீடு 3 எனில், எல்லா மாடிகளிலும் சேர்த்து 3,000 சதுர மீட்டர் கட்டலாம்.

இங்கு மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒவ்வொரு மாடியையும் 300 சதுர மீட்டராகக் கட்டினால் 10 மாடிகள் போதும். ஒவ்வொரு மாடியையும் 100 சதுர மீட்டராகச் சுருக்கினால் 30 மாடிகள் கட்டலாம். இரண்டிலும் மொத்தப் பரப்பு ஒன்றே. குடியேறக் கூடிய மக்கள் தொகையும் ஏறத்தாழ ஒன்றே. முதலாவதில் மனையில் 700 சதுர மீட்டர் திறந்த வெளியாக எஞ்சும். இரண்டாவதில் 900 எஞ்சும். ஆகவே உயரம் தானாகவே இடத்தைப் பெருக்குவதில்லை. இடத்தைப் பெருக்குவது குறியீடு. உயரமோ அவ்விடத்தை எவ்வாறு அடுக்குவது என்ற வடிவத் தேர்வு மட்டுமே. உயர்ந்த கோபுரங்களைக் கட்டினால் வீட்டுப் பற்றாக்குறை தீர்ந்துவிடும் என்ற வாதம் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் எழுவது.

மும்பையில் இக்குறியீடு 1964-ஆம் ஆண்டின் வளர்ச்சித் திட்டத்தோடு அறிமுகமாயிற்று. நரிமன் பாயிண்டில் அது 4.5 வரை இருந்தது. 1991-ஆம் ஆண்டின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகள் தீவு நகருக்கு 1.33 என்றும் புறநகருக்கு 1 என்றும் நிர்ணயித்தன. குறைந்த குறியீடு உள்ள நகரில் வானளாவிய கட்டிடங்கள் எழுவது முரண்பாடாகத் தோன்றலாம். வளர்ச்சி உரிமை மாற்றம், கட்டணம் செலுத்திப் பெறும் கூடுதல் பரப்பு, குடிசைப் பகுதி மறுவாழ்வுத் திட்டத்தின் ஊக்கப் பரப்பு, பொது வாகன நிறுத்துமிடம் கட்டித் தருவதற்கான சலுகைப் பரப்பு ஆகியவை காலப்போக்கில் அடிப்படைக் குறியீட்டின்மேல் சேர்ந்தன. 'இம்பீரியல்' கோபுரங்கள் குடிசைப் பகுதி மறுவாழ்வுத் திட்டத்தின் கீழ் எழுந்தவையே. குடிசைவாசிகளுக்கு இலவச வீடு கட்டித் தந்தவர் அதற்கு ஈடாகப் பெற்ற விற்பனைப் பரப்பைச் சிறிய நிலத்தில் அடுக்க வேண்டியிருந்தது, கட்டிடம் உயர்ந்தது. இத்தகைய நகரில் உயரம் ஒரு வகையில் சலுகைகளின் கூட்டுத்தொகை எனலாம்.

மில் நிலங்களின் வரலாறும் இங்கு நினைவுகூரத்தக்கது. 1982 ஜனவரியில் தொடங்கிய பருத்தி ஆலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர் பங்கேற்றனர். பல ஆலைகள் பின்னர் மீளவே இல்லை. 1991-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆலை நிலத்தை வேறு பயனுக்கு மாற்றும்போது ஒரு பங்கு திறந்த வெளிக்கும், ஒரு பங்கு பொது வீட்டு வசதிக்கும், மீதி உரிமையாளருக்கும் எனப் பகிர வேண்டியிருந்தது. 2001-இல் செய்யப்பட்ட திருத்தம், கட்டிடங்கள் இல்லாத வெற்று நிலத்துக்கு மட்டுமே இப்பகிர்வு பொருந்தும் என வரம்பிட்டது. மும்பை உயர் நீதிமன்றம் 2005-இல் மாறுபட்ட தீர்ப்பு அளித்தபோதிலும், 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் திருத்தத்தை ஏற்றது. இதனால் பொதுப் பயனுக்குக் கிடைத்த நிலம் சுருங்கிற்று. தனியார் வசம் தங்கிய பெரும் மனைகள் கோபுரங்களுக்கு இடமாயின. 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி பெருநகர மும்பை மக்களுள் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தனர் என்பதையும் உடன்வைத்துப் பார்த்தால், ஒரு கோபுரத்தின் உயரம் வெறும் பொறியியல் செய்தி அன்று என்பது விளங்கும்.

குறியீட்டை மீறினால் என்ன நேரும் என்பதற்கு மும்பை பிரீச் கேண்டிப் பகுதியின் 36 மாடி 'பிரதிபா' கட்டிடம் எடுத்துக்காட்டு. அனுமதிக்கப்பட்ட பரப்பைவிட 24,000 சதுர அடிக்கும் அதிகமாகக் கட்டப்பட்டிருப்பதாகக் கண்டு, மேலேயுள்ள 8 மாடிகளை இடிக்குமாறு மாநகராட்சி 1984-இல் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் 1991-இல் அவ்வாணையை உறுதி செய்தது. கட்டிடமோ பல்லாண்டுகள் குடியேறுவார் இன்றி வெற்றுக் கூடாக நின்றது.

பொருளாதார உயரம்

சட்டம் எவ்வளவு உயரத்தை அனுமதித்தாலும், அவ்வளவும் கட்டுவது இலாபமாக இருக்க வேண்டும் என்பதில்லை. மாடி கூடக் கூட ஒரு சதுர மீட்டருக்கு ஆகும் கட்டுமானச் செலவும் கூடுகிறது. அடித்தளம் ஆழமாக வேண்டும். கீழ்மாடித் தூண்கள் பருமனாக வேண்டும். லிப்ட்டுகளின் எண்ணிக்கை பெருக வேண்டும். லிப்ட், படிக்கட்டு, குழாய்கள் ஆகியவை அடங்கிய மையப்பகுதி ஒவ்வொரு மாடியிலும் இடத்தை விழுங்குகிறது. கட்டும் காலம் நீளுவதால் கடனுக்கான வட்டியும் ஏறுகிறது. மறுபுறம், நிலத்தின் விலை கூடுதலான பரப்பின்மேல் பகிரப்படுவதால் ஒரு சதுர மீட்டருக்கான நிலச் செலவு குறைகிறது. இவ்விரண்டு போக்குகளும் சமன்படும் இடமே பொருளாதார உயரம்.

இக்கருத்தை 1930-இலேயே கிளார்க் என்னும் பொருளியலாரும் கிங்ஸ்டன் என்னும் கட்டிடக் கலைஞரும் ஆராய்ந்தனர். நியூயார்க் நகரின் மையப்பகுதியில் ஒரு மனையை எடுத்துக்கொண்டு, எட்டு மாடி முதல் பல்வேறு உயரங்களுக்குச் செலவையும் வருவாயையும் கணக்கிட்டனர். முதலீட்டின் மீது மிகுந்த வருவாய் தரும் உயரம் 63 மாடி என்பது அவர்களது முடிவு. அதற்கு மேல் வருவாய் விகிதம் குறையத் தொடங்கிற்று. நிலத்தின் விலை மாறினால் இவ்வுயரமும் மாறும். நிலம் மலிவான ஊரில் பொருளாதார உயரம் ஐந்தாறு மாடியிலேயே முடிந்துவிடலாம். அதற்கும் மேலே கட்டப்படும் மாடிகள் பெரும்பாலும் பெயருக்காகவும், தொலைவுக் காட்சிக்காகத் தரப்படும் கூடுதல் விலைக்காகவும் கட்டப்படுபவை.

காற்றும் வடிவமும்

சிறிய கட்டிடத்தில் பொறியாளரின் முதல் கவலை எடை. வானளாவிய கட்டிடத்தில் காற்று. தரையில் ஊன்றி நிற்கும் கோபுரம், ஒரு முனை மட்டும் இறுக்கப்பட்ட நீண்ட கோலை ஒத்தது. உயரம் இருமடங்கானால், சீரான காற்றழுத்தத்தில் கட்டிடத்தைக் கவிழ்க்க முயலும் திருப்புவிசை நான்கு மடங்காகிறது. கட்டிடத்தின் விறைப்பைக் கூட்டாமல் விட்டால் உச்சியின் சாய்வு பதினாறு மடங்காகும். உயரே செல்லச் செல்லக் காற்றின் வேகமும் மிகுவதால் நடைமுறையில் இது இன்னும் கூடும்.

இந்தியத் தரம் ஐ.எஸ். 875 மும்பைக்கு நொடிக்கு 44 மீட்டர் என்ற அடிப்படைக் காற்று வேகத்தை நிர்ணயித்துள்ளது. இது மணிக்கு ஏறத்தாழ 158 கிலோமீட்டர். இவ்வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் சுமார் 118 கிலோகிராம் எடைக்கு நிகரான அழுத்தம் ஏற்படும். 30 மீட்டர் அகலமும் 280 மீட்டர் உயரமும் உள்ள ஒரு முகப்பை எண்ணிப் பார்த்தால், உயரத்துக்கேற்பக் கூடும் வேகத்தைக் கணக்கில் கொள்ளாமலே, பக்கவாட்டு விசை 1,000 டன்னை நெருங்குகிறது. புயல் தாக்கும் கிழக்குக் கடற்கரையில் உள்ள சென்னைக்கும், கொல்கத்தாவுக்கும் அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர். அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், அங்கு அதே கட்டிடம் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல் விசையைத் தாங்க வேண்டும்.

காற்றின் நேரடி விசையைவிட நுட்பமான இடர் ஒன்றும் உண்டு. கட்டிடத்தைச் சுற்றிச் செல்லும் காற்று, பின்புறத்தில் இடமும் வலமுமாக மாறிமாறிச் சுழல்களை உருவாக்குகிறது. அச்சுழல்களின் தாளம் கட்டிடத்தின் இயல்பான அசைவுத் தாளத்தோடு ஒன்றினால் அசைவு பெருகும். அகலத்தைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் உயரமுள்ள கட்டிடங்களுக்கு இத்தகைய அசைவுகளைத் தனியே கணக்கிட வேண்டும் என விதிகள் கூறுவது இதனால்தான். கட்டிடக் கலைஞர் வளைக்கும் மூலைகளும், மேலே செல்லச் செல்லக் குறுக்கும் உருவமும், இடையிடையே விடும் திறப்புகளும் அழகுக்காக மட்டும் அல்ல. அவை சுழல்களின் ஒழுங்கைக் கலைக்கின்றன. 2010-இல் திறக்கப்பட்ட, 828 மீட்டர் உயரமுள்ள துபாயின் புர்ஜ் கலீஃபா மூன்று கிளை கொண்ட அமைப்பில் எழுந்து, மேலே செல்லச் செல்லப் படிப்படியாக ஒடுங்குவது இதே காரணத்தால்தான். தைவானின் தைபே 101 கட்டிடத்தின் மேற்பகுதியில் 660 டன் எடையுள்ள உருண்டை ஒன்று தொங்கவிடப்பட்டுள்ளது. கட்டிடம் ஒருபுறம் அசையும்போது அது மறுபுறம் அசைந்து ஆட்டத்தைத் தணிக்கிறது.

வானளாவிய கட்டிடங்களின் உட்கட்டமைப்பில் பெரிய மாற்றத்தை ஏற்படுத்தியவர் டாக்காவில் பிறந்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான். வெளிச்சுற்றுத் தூண்களை நெருக்கமாக அமைத்து, கட்டிடம் முழுவதையும் ஓர் உள்ளீடற்ற குழாய்போல் செயல்பட வைத்தால் குறைந்த பொருளில் கூடுதல் விறைப்புக் கிடைக்கும் என்று அவர் காட்டினார். சிக்காகோவின் சியர்ஸ் கோபுரம் அவர் வடிவமைத்ததே. ஒன்பது சதுரக் குழாய்கள் கட்டாக நின்று, வெவ்வேறு உயரங்களில் முடிவன. 'வேர்ல்ட் ஒன்' கோபுரத்துக்கு முதலில் எண்ணப்பட்ட 442 மீட்டரே சியர்ஸ் கோபுரத்தின் உயரமும் ஆகும்.

கட்டிடம் இடிந்து விழாமல் இருந்தால் மட்டும் போதாது. காற்றில் உச்சியின் சாய்வு மொத்த உயரத்தில் ஐந்நூற்றில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது நடைமுறையில் உள்ள வரம்பு. 280 மீட்டருக்கு இது 56 சென்டிமீட்டர். குடியிருப்போர் தலைசுற்றலும் அச்சமும் இன்றி உறங்க வேண்டும் ஆதலால் அலுவலகங்களைவிடக் குடியிருப்புகளுக்கு அசைவின் வரம்பு கடுமையானது.

நிலநடுக்கமும் மண்ணும் அடுத்தவை. 2016-ஆம் ஆண்டுத் தரத்தின்படி மும்பை மூன்றாம் மண்டலத்திலும் டில்லி நான்காம் மண்டலத்திலும் வைக்கப்பட்டன. மும்பைக்கு அடியில் தக்காணத்தின் கருங்கற்பாறை பல இடங்களில் அதிக ஆழமின்றிக் கிடைக்கிறது. கொல்கத்தாவில் ஆழமான மென்களிமண் உள்ளதால், பாரத்தை நீண்ட கான்கிரீட் தூண்கள் வழியே கீழே உறுதியான அடுக்குக்குக் கொண்டு செல்ல வேண்டும். உயரம் மாறினால் அடித்தளமும் மாற வேண்டும். ஆனால் அடித்தளமே முதலில் கட்டப்படுகிறது. பணி நடக்கும்போது உயரத்தைக் குறைத்தால் மண்ணுக்குள் புதைத்த முதலீட்டின் ஒரு பகுதி வீணாகிறது. கூட்டினால் பாதுகாப்பே கேள்விக்குள்ளாகிறது.

வான்வெளி வகுக்கும் கூரை

விமான நிலையத்தைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரை உண்டு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் நெறிகளின்படி, பெரிய ஓடுபாதையைச் சுற்றி 4 கிலோமீட்டர் வரை, நிலைய மட்டத்துக்கு மேல் 45 மீட்டரில் ஒரு சமதளப் பரப்பு கற்பனை செய்யப்படுகிறது. அதன் விளிம்பிலிருந்து கூம்பு வடிவப் பரப்பு ஒவ்வொரு 20 மீட்டர் தொலைவுக்கும் ஒரு மீட்டர் வீதம் ஏறி, 6 கிலோமீட்டரில் 145 மீட்டரை எட்டுகிறது. அதற்கு அப்பால் 15 கிலோமீட்டர் வரை 150 மீட்டரில் வெளிப்பரப்பு அமைகிறது. இக்கூரையைத் துளைக்கும் கட்டிடம் எதுவாயினும், விமானங்களின் ஏற்ற இறக்கப் பாதைகளையும் ராடார் கருவிகளையும் அது பாதிக்குமா என்ற தனி ஆய்வுக்கு உட்பட வேண்டும்.

லோயர் பரேல், மும்பை விமான நிலையத்திலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. எனவே அது வெளிப்பரப்பின் எல்லைக்கு உட்பட்டதே. விமான நிலையத்திலிருந்து இவ்வளவு தொலைவிலும் இக்கட்டுப்பாடு செயல்படுகிறது என்பதை 'வேர்ல்ட் ஒன்' காட்டிற்று.

2015-ஆம் ஆண்டின் உயரக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறையை எளிதாக்கின. பல விமான நிலையங்களுக்கு வண்ணக் குறியீட்டு வரைபடங்கள் வெளியிடப்பட்டன. எந்த வண்ணப் பகுதியில் எந்த உயரம் வரை உள்ளூர் நிறுவனமே அனுமதி வழங்கலாம் என அவற்றிலிருந்து அறியலாம். அலுவலர்கள் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்வரைபடங்களிலும் தடையின்மைச் சான்றுகளிலும் குறிக்கப்படும் உயரம் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடப்படுவது. தரை மட்டத்திலிருந்து அன்று. மனை கடல் மட்டத்துக்கு 20 மீட்டர் மேலே இருந்தால், அனுமதிக்கப்பட்ட உயரத்தில் 20 மீட்டர் தரையிலேயே செலவாகிவிடுகிறது. இச்சிறு வேறுபாட்டைக் கவனியாமை பல மாடிகளை முறையற்றதாக்கிவிடக் கூடும்.

தீ, நீர், லிப்ட்

கட்டிடம் நிற்கிறது என்பதும் அதில் வாழ முடிகிறது என்பதும் வேறு வேறு. மும்பைத் தீயணைப்புப் படையிடம் 90 மீட்டர் எட்டும் நீரியல் ஏணிமேடை உண்டு. சுமார் முப்பதாவது மாடிக்கு மேல் அதனால் பயன் இல்லை. ஆகவே 280 மீட்டர் கோபுரத்தின் பெரும்பகுதி தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். தானியங்கி நீர்த்தெளிப்பான்கள், புகை நுழையாதபடி காற்றழுத்தம் ஊட்டப்பட்ட படிக்கட்டுகள், தீயணைப்பு வீரர்களுக்கான தனி லிப்ட், குறிப்பிட்ட மாடி இடைவெளிகளில் மக்கள் ஒதுங்கி நிற்பதற்கான புகலிடத் தளங்கள் ஆகியவை இதற்காகவே விதிக்கப்பட்டுள்ளன. புகலிடத் தளங்களைப் பின்னர் அடைத்து அறைகளாக்கிக் கொள்வது வெறும் விதிமீறல் அன்று. மேலே வாழும் ஒவ்வொருவருடைய உயிர் வழியையும் அடைப்பதாகும்.

நீர் வழங்கலில் இடர் வேறு வகை. 10 மீட்டர் உயர நீர்த்தம்பம் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு கிலோகிராம் அழுத்தம் தரும். உச்சியில் ஒரே தொட்டி வைத்து 280 மீட்டருக்குக் கீழே நீர் விட்டால், கீழ்மாடிக் குழாய்களில் 28 கிலோகிராம் அழுத்தம் ஏற்பட்டு அவை வெடித்துவிடும். எனவே இடையிடையே தொட்டிகளும் அழுத்தம் குறைக்கும் அமைப்புகளும் வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற நகர்ப்புற அளவுகோலின்படி, ஆயிரம் பேர் வாழும் கோபுரத்துக்கு ஒரு லட்சத்து 35 ஆயிரம் லிட்டர் தேவை. அந்நீரும், பின்னர் வெளியேறும் கழிவுநீரும், ஒரே தெருவின் குழாய்கள் வழியேதான் செல்ல வேண்டும். இரண்டு மாடி வீடுகளுக்கென்று பல்லாண்டுகளுக்கு முன் பதித்த குழாய்கள் கோபுரத்தின் தேவையை அறியமாட்டா.

லிப்ட்டுக்கும் எல்லை உண்டு. உயரம் கூடக் கூட இரும்புக் கயிற்றின் சொந்த எடையே பெருஞ்சுமையாகிறது. ஏறத்தாழ 500 மீட்டருக்கு மேல் ஒரே கயிற்றில் செல்வது கடினம். இதனால் மிக உயர்ந்த கட்டிடங்களில் இடைவழி நிலையம் ஒன்றில் இறங்கி வேறு லிப்ட் மாறும் முறை கையாளப்படுகிறது. லிப்ட்டையும் நீரேற்றத்தையும் இயக்கும் செலவு கட்டி முடிந்தபின் ஒவ்வொரு மாதமும் தொடரும் செலவு. அதனைத் தாங்கும் வருவாய் உடையோருக்கே இத்தகைய வீடுகள் ஏற்றவை என்பதையும் வீட்டு வசதிக் கொள்கை வகுப்போர் மறத்தல் ஆகாது.

அண்டை வீட்டாரின் உரிமை

உத்தரப் பிரதேசத்தின் நொய்டாவில் 93-ஏ பிரிவில் ஒரு குடியிருப்பு வளாகத்தில் இரட்டைக் கோபுரங்கள் கட்டப்பட்டன. 2009-இல் 24 மாடிக்கு அனுமதி. 2012-இல் அது 40 மாடியாக உயர்த்தப்பட்டது. வளாகத்தில் முன்னரே வீடு வாங்கிக் குடியேறியிருந்தோர், தங்களுக்குத் தோட்டம் எனக் காட்டப்பட்ட இடத்தில் கோபுரம் எழுவதையும், அது தங்கள் கட்டிடத்துக்கு மிக அருகே நிற்பதையும் எதிர்த்து நீதிமன்றம் சென்றனர். விதிப்படி 16 மீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி ஏறத்தாழ 9 மீட்டரே இருந்தது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2014 ஏப்ரலில் இடிக்க ஆணையிட்டது. 2021 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்து, அலுவலர்களும் கட்டுநரும் உடந்தையாகச் செயல்பட்டதைக் கண்டித்தது. வீடு வாங்கப் பணம் செலுத்தியோருக்கு 12 விழுக்காடு வட்டியுடன் திருப்பித் தருமாறும் பணித்தது. சுமார் 100 மீட்டர் வரை உயர்ந்து நின்ற அக்கோபுரங்கள் 2022 ஆகஸ்ட் 28 அன்று ஏறத்தாழ 3,700 கிலோகிராம் வெடிமருந்து கொண்டு சில நொடிகளில் தகர்க்கப்பட்டன.

கட்டிடங்களுக்கு இடையே விடும் இடைவெளி வெயிலும் காற்றும் வீட்டுக்குள் வருவதற்கு மட்டும் அன்று. தீயணைப்பு வண்டி வருவதற்கும், ஒரு கட்டிடத்தின் தீ மறு கட்டிடத்துக்குத் தாவாமல் இருப்பதற்கும் ஆகும். உயரம் கூடினால் இடைவெளியும் கூட வேண்டும். உயரத்தை மட்டும் கூட்டி இடைவெளியை அப்படியே விட்டால், ஒருவர் பெறும் வானத்தை மற்றொருவர் இழக்கிறார்.

2016-ஆம் ஆண்டின் வீட்டுமனை மற்றும் கட்டிடத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் இவ்வகையில் குறிப்பிடத்தக்க பாதுகாப்பு. அனுமதிக்கப்பட்ட திட்ட வரைபடத்தை மாற்ற வேண்டுமானால், வீடு ஒதுக்கீடு பெற்றோரில் மூன்றில் இரு பங்கினரின் எழுத்து மூலமான முன் ஒப்புதல் வேண்டும் என்கிறது அதன் 14-ஆம் பிரிவு. வாங்குவோரிடமிருந்து பெறும் தொகையில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைத்து, அத்திட்டத்துக்கே செலவிட வேண்டும் என்பதும் சட்டத்தின் விதி. இவை முறையாகச் செயல்பட்டால், பாதியில் உயரம் மாறுவது வாங்குவோர் அறியாமல் நடக்கும் செயலாக இராது.

செய்ய வேண்டுவன

மேற்கண்ட எடுத்துக்காட்டுகள் மூன்று. ஒன்றில் வான்வெளி விதி உயரத்தைக் குறைத்தது. ஒன்றில் தளப்பரப்புக் குறியீடு மேல்மாடிகளைப் பறித்தது. ஒன்றில் இடைவெளி விதி கட்டிடத்தையே இல்லாமற் செய்தது. இம்மூன்று விதிகளும் பணி தொடங்குமுன்பே நடைமுறையில் இருந்தவை. அவற்றைப் பொருத்திப் பார்ப்பதில்தான் தாமதம் நேர்ந்தது.

இதிலிருந்து சில நடைமுறைகள் புலப்படுகின்றன. முதலாவது, எல்லாத் துறைகளின் தடையின்மைச் சான்றுகளும் கிடைத்த பின்னரே ஒரு கட்டிடத்தின் உயரத்தை விளம்பரத்திலும் விற்பனைப் பத்திரத்திலும் அறிவிக்க வேண்டும். இரண்டாவது, கடல் மட்ட உயரம், தரை மட்ட உயரம், மாடிகளின் எண்ணிக்கை, மொத்தத் தளப்பரப்பு ஆகிய நான்கையும் ஒரே தாளில், ஒரே அலுவலர் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும். தனித்தனிக் கோப்புகளில் சிதறிக் கிடக்கும் உண்மைகளே முரண்பாட்டுக்கு இடம் தருகின்றன. மூன்றாவது, சலுகைப் பரப்பு வழங்குமுன் அத்தெருவின் குடிநீர், கழிவுநீர், சாலை ஆகியவற்றின் கொள்திறனை மதிப்பிட வேண்டும். நான்காவது, திட்ட அனுமதியும் அதன் திருத்தங்களும் பணியிடத்திலேயே எவரும் படிக்கும் வண்ணம் எழுதிவைக்கப்பட வேண்டும்.

இந்திய நகரங்களில் உயர்ந்த கட்டிடங்கள் இன்னும் பல எழும். நிலம் குறைவு, மக்கள் மிகுதி என்ற சூழ்நிலையில் அவற்றை வேண்டா என ஒதுக்குவது இயலாது, தேவையும் இல்லை. ஆனால் எத்தனை மாடி என்ற வினாவுக்கான விடை, முதல் குழி தோண்டப்படுமுன் கோப்பில் இருக்க வேண்டும். அந்த விடையை நம்பித்தான் ஒரு குடும்பம் தன் வாழ்நாள் சேமிப்பை எழுபதாவது மாடியில் வைக்கிறது.